கேள்வி இருபத்தேழு

சாய்பாசாவிலிருந்து ஜீப்,
பிறகு இரும்புத்தாது ஏற்றிய லாரியின் முன்னிருக்கை,
பிறகு நடை.
வந்து சேர்ந்தபோது என் வெள்ளைத் துப்பட்டா
செங்கல் நிறத்தில் இருந்தது.

ஜானோ துபித் கோழியை விரட்டிவிட்டு
கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டாள்.
"உட்காரு. பரீட்சைதானே, நடத்து."

அவள் இந்த ஊரின் சஹியா.
அரசாங்கத் தாளில் அது ஒரு பொறுப்பு.
இந்தப் பக்கத்துப் பேச்சில்
தோழி.

நாற்பத்தொரு கேள்விகள்.
தெரியும் என்றால் 1, தெரியாது என்றால் 2.
விடையை நான் சொல்லித்தரக் கூடாது.
சொன்னால் கணக்கு கெட்டுவிடும் என்று
ராஞ்சியில் மூன்று நாள் பாடம் எடுத்திருந்தார்கள்.

சால் இலைகளை ஈர்க்கால் கோத்துத்
தொன்னை தைத்தபடியே அவள் சொன்னாள்,
கேள்வி முடியும் முன்பே.
எத்தனை பரிசோதனை? நான்கு.
குளிப்பாட்டலாமா பிறந்ததும்? கூடாது, துடைத்துச் சுற்று.
சீம்பால்? ஒரு மணிக்குள்.
இரும்பு மாத்திரை?
"நூற்றெண்பது.
எங்கள் மலையை வெட்டி லாரி லாரியாய்க் கொண்டுபோகிறான்,
எங்கள் பெண்களின் ரத்தத்துக்கு
டப்பாவில் எண்ணிக் கொடுத்தனுப்புகிறான்."
சிரித்தாள். நான் 1 என்று குறித்தேன்.
1. 1. 1.

கேள்வி இருபத்தேழு:
பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும்
வீடு திரும்பும் வண்டிக்குக் கட்டணம் உண்டா?

ஈர்க்கு இலையில் பாதி நுழைந்து நின்றது.

"போவதற்கு உண்டு. இலவசம். நானே கூப்பிடுவேன்,
நடுராத்திரியிலும், அந்தப் பாறைமேல் ஏறி நின்றால் சிக்னல்.
திரும்புவதற்குமா?"

நான் பேசியிருக்கக் கூடாது.
குஞ்சுகளைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன்.
"திரும்புவதற்கும்தான்" என்றேன்.

விரலை மடக்கினாள்.
"மெச்சோ. எழுநூறு ரூபாய். சினை ஆட்டை விற்றார்கள்.
ராய்முனி, வயிற்றில் தையல் காயாமல், டெம்போவில்.
பிருவா வீட்டு மருமகள், வெள்ளிக் காப்பு.
நந்தியிடம் ஒன்றுமில்லை.
பதினொரு கிலோமீட்டர். ஆனி மழை.
பிள்ளையை நான்தான் தூக்கிவந்தேன்,
பிளாஸ்டிக் சாக்குக்குள் வைத்து."

அடுத்த கைக்குப் போனாள். பெயர்களை இப்போது
வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"ஆஸ்பத்திரி வாசலில் பேரம் பேசியது யார் தெரியுமா? நான்.
ஆயிரம் கேட்டவனை எழுநூறுக்கு இறக்கினேன்.
ஊருக்கு வந்து அதைச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்."

பயிற்சியில் சொல்லவில்லையா என்றேன்.
"சொல்லியிருப்பார்கள்.
மத்தியானம் மெச்சோவுக்கு வலி என்று ஆள் வந்தான்,
பாதியில் எழுந்து ஓடினேன்."

பிறகு எழுந்துபோய்
எண்ணெய்க் கறை படிந்த பதிவேட்டை எடுத்துவந்து
என் மடியில் வைத்தாள்.
"எழுது. பெரிய எழுத்தில்.
வண்டிக்காரன் கண்ணுக்கும் தெரிய வேண்டும்."

எழுதினேன்.
அவள் ஒவ்வோர் எழுத்தாய் விரல் வைத்துப் படித்தாள்,
நாடாவால் குழந்தையின் புஜம் அளப்பதுபோல,
சிவப்பா பச்சையா என்று.

மீதிக் கேள்விகளை மறுநாள் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.
முற்றத்தைத் தாண்டி, செருப்புகூட மாட்டாமல்,
முதலில் மெச்சோ வீட்டுப் பக்கம் போனாள்.
தைக்காத இலைகள் காற்றில் நகர்ந்தன.

விதிப்படி
கேட்ட கணத்தின் பதிலே பதில்.
2 என்று குறித்தேன்.
பொய்யில்லை, காலை பதினொன்று இருபது வரைக்கும்.

லாரிக்காகச் சாலையில் நின்றபோது
என் விரல்களும் மடங்கத் தொடங்கின.
இதற்கு முன் ஆறு ஊர்.
பதினான்கு சஹியாக்கள்.
அதே கேள்விக்கு அவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்,
திரும்புவதற்குமா என்று.
நான் 2 குறித்தேன்.
அடுத்த கேள்வி என்றேன்.